எல்லா நோட்டிலும் இருக்கிற அம்மா

தம்பி,

நீ அந்த அறையில் “இல்ல சார்” என்று சொன்னதிலிருந்து என் காது அடைத்துக்கொண்டிருக்கிறது. சிதம்பரத்திலிருந்து திரும்பும்போது பஸ் காற்றால்தான் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்தும் விடவில்லை. கடையில் ஜெராக்ஸ் மெஷின் என் இடுப்புக்குப் பக்கத்தில் ஓடுகிறது, அதன் சத்தம் எங்கோ அடுத்த தெருவில் கேட்கிறது. “என்னாம்மா, உடம்பு முடியலன்னா லீவு போட்டுக்கயேன்” என்று கடை முதலாளி பாய் சொல்லிப் பார்த்தார். நீ ஃபோனை எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால் எழுதுகிறேன். இத்தனை வருஷமாக இந்தக் கடையில் உட்கார்ந்து ஊரார் மனுவையும் கல்யாணப் பத்திரிகையையும் யார் யாருடைய ஆய்வேட்டையோ டைப் அடித்திருக்கிறேன். என் சொந்தப் பேச்சை ஒரு வரி அடித்ததில்லை. இதுதான் முதல் தடவை. புத்திமதி சொல்கிற வயசும் எனக்கு வந்துவிடவில்லை. எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. பொறுமையும் கிடையாது. அதிர்ச்சி அடங்காமலேதான் எழுதுகிறேன். திங்கட்கிழமை நீ அந்த மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதைப் படித்தாக வேண்டும்.

நடந்தது உனக்குத் தெரியும். நான் நின்ற இடத்திலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று உனக்குத் தெரியாது. இந்த செமஸ்டரில் எழுத்துப் பயிற்சி என்று ஒரு பேப்பர் வந்திருப்பதாக நீ ஃபோன் செய்தாய். “எம்மா, மேடம் ஒரு நோட்டு வச்சிக்கச் சொல்றாங்க. தெனமும் எழுதணுமாம்” என்றாய். என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். “என்னா வேணா எழுதலாமாம். பஸ்ஸுல பாத்தது, ஹாஸ்டல்ல நடந்தது, வூட்டுல நடந்தது. தப்பு பாக்க மாட்டாங்களாம்.” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “தப்பு பாக்காம எப்புடிடா மார்க் போடுவாங்க?” “அதாம்மா எனக்கும் புரியல. இன்டெக்ஸ் போடணுமான்னு கேட்டேன், கிளாஸே சிரிக்குது.” “மேடம்?” “அவுங்களும்தான் சிரிச்சாங்க. ஆனா கொஞ்சம் பாவமா சிரிச்சாங்க.”

நாம் இரண்டு பேரும் அப்புறம் என்ன செய்தோம் என்று நினைவிருக்கிறதா? அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கடையிலிருந்து நல்ல கெட்டி அட்டை போட்ட லாங் சைஸ் ரெக்கார்டு நோட்டு வாங்கி வந்தேன். பிரவுன் ஷீட் போட்டேன். லேபிள் ஒட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் சிவப்புப் பேனாவில் மார்ஜின் கிழித்தேன், நீ ஸ்கேலைப் பிடித்துக்கொண்டாய். வாய்க்கு வந்ததை எழுதச் சொன்ன நோட்டுக்கு நாம் செய்த மரியாதை அது. நமக்கு வேறு என்ன தெரியும்? ஆறாம் வகுப்பிலிருந்து இந்தப் படிப்பு உன்னிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான். ஒருத்தன் எழுதியதைப் பார்த்து அழகாக எழுது, கோடு போடு, கையெழுத்து வாங்கு. நீ என்ன பார்த்தாய் என்று ஒரு வாத்தியாரும் கேட்டதில்லை. ஒருத்தன் ரெக்கார்டு முடித்தால் அது வகுப்புக்கே பொதுச்சொத்து. அந்தப் பழக்கத்தில்தான் எங்கள் கடை ஓடுகிறது, அந்தக் கடையில்தான் நம் சோறு. அந்த மேடம் உன் நோட்டைப் புரட்டிவிட்டு, “இந்தக் கோட்டத் தாண்டி எழுதுப்பா, ஒண்ணும் ஆவாது. கடைசியிலதான் வாங்கிப் படிப்பேன்” என்று சொன்னதாகச் சொன்னாய். எனக்கு அந்தம்மாவை அப்போதே பிடித்துவிட்டது. பயமாகவும் இருந்தது. ஏன் பயந்தேன் என்று பிறகுதான் விளங்கியது.

போன மாதம் ஒரு மத்தியானம் உன் வகுப்புப் பெண் ஒருத்தி எங்கள் கடைக்கு வந்தாள். கடலூர்ப் பக்கத்து ஊரிலிருந்து தினமும் சிதம்பரம் போய் வருகிறவள். நான் உன் அம்மா என்று அவளுக்குத் தெரியாது. “ஆன்ட்டி, வாட்ஸப்ல ஒரு பிடிஎஃப் அனுப்பறேன், பிரின்ட் போட்டுக் குடுங்க” என்றாள். எங்கள் வேலையில் யாரும் எதையும் படிப்பதில்லை. பேப்பர் சாய்கிறதா, ஓரம் வெட்டுகிறதா, மை திட்டாக விழுகிறதா, அவ்வளவுதான் பார்ப்போம். படித்தால் வேலை ஓடாது. ஃபைலைத் திறந்தேன். ஃபோனில் எடுத்த போட்டோக்கள். பக்கம் கொஞ்சம் கோணல். நான் கிழித்த சிவப்பு மார்ஜின். அதைத் தாண்டி ஓடுகிற உன் கையெழுத்து.

அதைப் படித்தேன். “எங்கம்மா எங்கள் காலனி ஸ்டாப்பில் இறங்க மாட்டாள். அதற்கு முந்தின ரைஸ் மில் ஸ்டாப்பில் இறங்குவாள். இறங்கியதும் செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்து நிற்பாள். பஸ் போய் மறைந்ததும் நிமிர்ந்து நடக்க ஆரம்பிப்பாள். செருப்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மழை பெய்தாலும் இதேதான். பஸ்ஸில் கடைக்கு வருகிறவர்கள் யாராவது இருப்பார்களோ என்று அவளுக்குப் பயம். நான் சின்னப் பையனாக இருந்தபோது ரைஸ் மில்லில் அம்மாவுக்கு யாரோ சொந்தக்காரர் இருப்பதாக நினைத்திருந்தேன்.”

தம்பி, என் கை மவுஸின் மேல் அப்படியே நின்றுவிட்டது. நீ பார்த்திருப்பாய் என்று எனக்குத் தெரியாது. உன் அப்பாவுக்கே தெரியாது. லாரியிலிருந்து மாதத்துக்கு ஒரு முறை இறங்கி வருகிற மனுஷன், பொண்டாட்டி எந்த ஸ்டாப்பில் இறங்குகிறாள் என்று எங்கே பார்க்கப் போகிறார்? யாருக்கும் தெரியாமல் நான் செய்துவந்த ஒரு காரியத்தை என் பிள்ளை உட்கார்ந்து நிதானமாகப் பார்த்து, செருப்பு முதற்கொண்டு எழுதி வைத்திருக்கிறான். நடுத்தெருவில் யாரோ என் முந்தானையை இழுத்த மாதிரி இருந்தது. “இது யாரும்மா எழுதுனது?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். “தெரியல ஆன்ட்டி, கிளாஸ் குரூப்புல வந்துச்சு. நெட்ல எடுத்த கதைன்னு சொல்றாங்க. செம சோகம் ஆன்ட்டி, மார்க்க அள்ளிடலாம்.” பிறகு, “கொஞ்சம் டார்க்கா போடுங்க, பாத்து எழுதணும்” என்றாள். நான் டார்க்காகப் போட்டேன். பின் அடித்துக் கொடுத்தேன். என் மானத்தை நானே பிரின்ட் போட்டு, கவரில் போட்டு, “வாம்மா” என்று வழியனுப்பி வைத்தேன். உன்னிடமும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. உன் முகத்தைப் பார்த்து எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

அதற்கப்புறம்தான் உன் ஃபோன் வந்தது. பல நோட்டுகளில் ஒரே மாதிரி இருக்கிறதாம், துறைத்தலைவர் பெற்றோரைக் கூட்டி வரச் சொன்னாராம். “எம்மா, நீ வந்து ஒண்ணும் பேசாத. ஒரு கையெழுத்து போடு, கெளம்பு. அவ்ளோதான்.” நானும் அப்படித்தான் வந்தேன். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதுகூட கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்ற நினைப்புதான். அந்த அறையில் சுவரோரம் எங்களை நிற்க வைத்திருந்தார்கள். மேஜையில் நோட்டுகள் ஒரு அடுக்கு. பையன்களும் பெண்களும் வாசலில். கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு ஒருத்தர் முன்னால் போனார். “எங்க சார் போடணும்?” என்றார். படிக்காமலே போட்டார். வாட்சைப் பார்த்தார். போய்விட்டார். அவர் மகன் என் செருப்பைப் பற்றி எழுதியிருக்கிறான், அது அவருக்குத் தெரியாது.

காத்திருக்கும்போது மேலே இருந்த நோட்டுகளைப் புரட்டினேன். கடையில் பக்கம் சரிபார்க்கிற பழக்கம், கை சும்மா இருக்காது. வரிக்கு வரி நீ எழுதியது. மழை இருக்கிறது, செருப்பு இருக்கிறது, ரைஸ் மில் இருக்கிறது. ஒன்றை மட்டும் எல்லோரும் மாற்றியிருந்தார்கள். ஒருத்தன் நோட்டில் கோயில் தெரு ஸ்டாப். இன்னொருத்தி நோட்டில் ஏதோ ஒரு நகர். இன்னொருத்தன் நோட்டில் மெயின் ரோடு. நம் பயத்தை எடுத்துக்கொண்டார்கள். மழையில் நான் நனைந்ததை எடுத்துக்கொண்டார்கள். மார்க்குக்கு ஆகும் என்று என் வெட்கத்தைக்கூட எடுத்துக்கொண்டார்கள். காலனி என்ற ஒரு வார்த்தையை மட்டும் பேனாவால் தொடக்கூட அவர்களுக்கு மனசு வரவில்லை. நகல் எடுக்கும்போதுகூடத் தீட்டுப் பார்ப்பார்களா? அதுவரை நான் கையெழுத்துப் போடத்தான் வந்திருந்தேன்.

அப்போது துறைத்தலைவர் எங்கள் பக்கம் திரும்பி, “என்னாங்க இது, என் டிபார்ட்மென்ட்ல இத்தன பசங்களுக்கும் ஒரே அம்மாவா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வாசலில் நீயும் சிரித்தாய். நான் பார்த்தேன்.

“ஆமாங்க சார். இத்தன நோட்டுலயும் இருக்கற அம்மா நாந்தான்” என்றேன்.

சிரிப்பு நின்றது. நான் யார் என்று கேட்டார். உன்னைக் காட்டினேன். “எல்லாத்துலயும் அந்த ஸ்டாப்பு பேர மட்டும் பாருங்க சார். கோயில் தெருவுல எறங்கறதுக்கு எவளாச்சும் கூச்சப்படுவாளா? மழையில போயி முந்தின ஸ்டாப்புல நிப்பாளா? இவன் நோட்டுல மட்டுந்தான் காலனின்னு இருக்கு. கத வுடறவன் அத எழுத மாட்டான் சார்” என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். “இங்க வந்து ஜாதிப் பேச்செல்லாம் பேசாதீங்கம்மா” என்றார். “நான் எங்க சார் ஜாதி பேசுனேன்? ஸ்டாப்பு பேரதான சொன்னேன்” என்றேன். மேடம் ஓரத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். துறைத்தலைவர் உன்னைக் கூப்பிட்டார். “ஏம்ப்பா, இது உங்க வூடா? நீ எழுதுனதா?”

நீ வாசலில் நின்ற பையன்களைப் பார்த்தாய். அப்புறம் ஜன்னலைப் பார்த்தாய். என்னைப் பார்க்கவே இல்லை. “இல்ல சார். நெட்ல இருந்து எடுத்தது” என்றாய்.

உன் அப்பா குடித்துவிட்டுக் கையை ஓங்கிய காலம் ஒன்று இருந்தது, நீ அறிவாய். அப்போதுகூட நான் இப்படி விறைத்து நின்றதில்லை. திருட்டுப் பட்டம் பரவாயில்லை, அந்த நோட்டில் இருக்கிற பொம்பளையின் பிள்ளை என்ற பெயர் வேண்டாம் என்று நீ முடிவு பண்ணிவிட்டாய். அதுவும் ஒரு நொடியில். யோசிக்கக்கூட இல்லை. துறைத்தலைவர், “பாத்தீங்களாம்மா” என்றார். அவ்வளவுதான். எனக்கு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். எல்லோரும் மன்னிப்புக் கடிதம் கொடுத்து வேறு நோட்டு எழுத வேண்டும், திங்கட்கிழமைதான் கடைசி என்றார். நான் கையெழுத்துப் போடாமல் வெளியே வந்தேன்.

சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நீ என் மேல் பாய்ந்தாயே, அதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. “ஒரு கையெழுத்து போட்டிருந்தா முடிஞ்சிருக்கும்மா. எதுக்கு அங்க வந்து காலனின்ன?” “நீதானடா எழுதி வச்சிருக்க.” “எழுதறது வேறம்மா! அத மேடமுக்கு எழுதுனேன். இவனுங்களுக்கா எழுதுனேன்?” அப்போதுதான் மீதியைச் சொன்னாய். ரூமில் இருக்கிற சரண், “எப்புடி எழுதணும்னு பாத்துட்டுக் குடுத்துடறேன் மச்சான்” என்று வாங்கிப் போனான். நீயும் ரெக்கார்டு நோட்டைக் கொடுக்கிற மாதிரி கொடுத்துவிட்டாய். அவன் போட்டோ எடுத்து குரூப்பில் போட்டான். “இதெல்லாம் உங்க வூட்டுல நடந்ததா மச்சான்?” என்று அத்தனை பேர் முன்னால் கேட்டான். நீ சிரித்துக்கொண்டே நெட்டில் எடுத்தது என்றாய். “இப்ப எழுதுனது நாந்தான்னு சொன்னா, அப்பவே ஏன் மறைச்சேன்னு கேப்பானுங்க. ரெண்டு வருஷம் அவனுங்க கூட ஒரே ரூமுல இருக்கணும்மா. நீ பஸ் ஏறிப் போயிடுவ.” நீ சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. நான் பஸ் ஏறித்தான் வந்தேன்.

நீ உள்ளே போன பிறகு கேட் வரைக்கும் மேடம் பின்னால் ஓடி வந்தார். உன்னைவிடக் கொஞ்சம்தான் பெரிய பெண். “எனக்குத் தெரியும்மா, அவன் எழுதுனதுதான். மத்த நோட்டுல எல்லாம் அடித்தல் திருத்தல் ஒண்ணு கெடையாது. அவன் நோட்டுல அந்த ஒரு பக்கத்த மட்டும் எத்தன தடவ அடிச்சு எழுதியிருக்கான்” என்றார். “அப்ப உள்ள ஏன்மா பேசல?” என்று கேட்டுவிட்டேன். முகம் சுருங்கிப்போனது. “நான் கெஸ்ட் லெக்சரர்மா. வருஷா வருஷம் அவுங்க கூப்புட்டாதான் வேல. அவனே இல்லன்னு சொல்லும்போது நான் என்னா பேச முடியும்? அவன் கையெழுத்து போடாம நோட்டு என்னுதுதான்னு நின்னான்னா, நானும் கூட நிப்பேன். காப்பிதான்னு எழுதிக் குடுத்துட்டா, அவ்ளோதாம்மா.” பயந்த பெண்தான். ஆனாலும் அந்த வெயிலில் ஓடி வந்தாள். அதையும் நான் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன்.

அப்பாவிடம் ஃபோனில் சொன்னேன். “கையெழுத்த போட்டுத் தொலடி, புள்ள பாஸாவட்டும். மானம் ரோஷம் பாத்தா டிகிரி வருமா?” என்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நம்மைப் போன்றவர்கள் எத்தனை இடத்தில் இப்படிப் போட்டுத் தொலைத்துத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்! ஆனால் பேப்பரில் ஏறியது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், அதில்தான் என் பிழைப்பு. சர்ட்டிபிகேட்டில் ஒரு இனிஷியல் தப்பாக விழுந்துவிட்டால் அதை மாற்ற தாலுகா ஆபீசுக்கும் நோட்டரிக்கும் அலைகிறவர்கள் தினமும் என் முன்னால் வந்து உட்காருகிறார்கள். உயிரோடு இருக்கிற மனுஷன் சொல்வதைவிடப் பேப்பர் சொல்வதைத்தான் இந்த நாடு நம்புகிறது. உன் அம்மாவை வேறு எங்கிருந்தோ எடுத்தேன் என்று நீ உன் கையால் எழுதிக் கொடுத்தால், அது அந்தக் கல்லூரியின் ஃபைலில் இருக்கும். சரண் பாஸாவான். கார் சாவிக்காரர் மகனும் பாஸாவான். அவர்களுக்கு அது ஒரு பேப்பர். உனக்கு அப்படி இல்லை. இனி நீ எதைப் பார்த்து எழுத உட்கார்ந்தாலும் இந்தக் கையெழுத்து முன்னால் வந்து நிற்கும்.

பயப்படாதே என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நீ ஒன்பதாம் வகுப்பில் கடலூர் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது, “யாராச்சும் வூடு எங்கன்னு கேட்டா ரைஸ் மில்லுக்குப் பக்கத்துலன்னு சொல்லு” என்று சொல்லி அனுப்பினவள் நான். அந்த அறையில் நீ பேசியது என் பேச்சுதான். அதனால் உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். கோபம் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பார்த்தால், நம் வீட்டில் இதை முதலில் நேராகப் பார்த்தவன் நீதான். எனக்குத் தெரியாமல் என்னைப் பார்த்தாய். யாரும் திருத்த மாட்டார்கள் என்று தெரிந்ததும் உள்ளபடி எழுதினாய். பேனா பிடித்தபோது உனக்கு இருந்த தைரியம் பொய்யில்லை, தம்பி. அந்தத் தைரியத்தை நான் இருபது வருஷமாக முந்தின ஸ்டாப்பிலேயே விட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தேன்.

நேற்று சாயங்காலம் கடலூரில் பஸ் ஏறினேன். உட்கார இடம் இல்லை. அந்தப் பெண்ணும் அதே பஸ்ஸில் இருந்தாள், டார்க்காகப் போடச் சொன்னவள். அன்றைக்குத் துறைத்தலைவர் அறை வாசலில் அவள் இல்லை. என்னைப் பார்த்து, “ஆன்ட்டி, நீங்களும் இந்தப் பக்கமா?” என்று சிரித்தாள். ரைஸ் மில் வந்தது. கண்டக்டர் தம்பிக்கு என்னைத் தெரியும். விசில் அடித்து பஸ்ஸை நிறுத்திவிட்டு, “அக்கா, எறங்கலயா? உங்க ஸ்டாப்பு” என்றான். என் கால் தன்னாலேயே படிக்கட்டுப் பக்கம் போனது. உண்மையைச் சொல்கிறேன், ஒரு கால் கீழ்ப்படியில் வைத்துவிட்டேன். அப்புறம், “இல்லப்பா. காலனி ஸ்டாப்புதான் என்னுது. எடு” என்றேன். அந்தப் பெண்ணின் சிரிப்பு மெதுவாக அவிந்தது. அவள் வாய் எதையோ முணுமுணுத்தது. தன் கையால் பார்த்து எழுதிய வரியாகத்தான் இருக்கும். காலனியில் இறங்கினேன். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. ஆனால் கால் நடுங்கியது. இதை உனக்குப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரு ஸ்டாப் தள்ளி இறங்க எனக்கே இப்படி நடுங்குகிறது என்றால், நீ அந்த ரூமுக்குள் ரெண்டு வருஷம் இருக்க வேண்டியவன். அது எவ்வளவு பெரிய காரியம் என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

இதையும் உன் கிளாஸ் குரூப்பில் போட வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் போடு, எனக்குச் சம்மதம். என்னைப் பற்றி அவர்கள் ஏற்கெனவே கை வலிக்க எழுதியவர்கள்தானே. இதையும் எழுதிக்கொள்ளட்டும். ஸ்டாப் பெயரை மட்டும் மாற்றக்கூடாது.

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். கையெழுத்துப் போட வரவில்லை. துறைத்தலைவர் மறுபடியும், நோட்டில் இருக்கிற இந்த அம்மா யார் என்று கேட்பார். பையன்கள் வாசலில் நிற்பார்கள். உனக்கு வாய் வராது, எனக்குத் தெரியும். பேச வேண்டாம். நான் உனக்குப் பக்கத்திலேயே நிற்பேன். என் பக்கம் கையைக் காட்டு, போதும்.

அம்மா